எண்ணெயில் புரதம் இல்லை

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் முதலில் எல்லாம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மரபணு மாற்றிய பயிரில் புதிதாக ஒரு புரதம் உண்டாகும், அது சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் செய்யுமா என்று விதைக் கம்பெனிகளுக்காகச் சோதித்து எழுதிக் கொடுக்கும் வேலை என்பேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த விஷக் கத்திரிக்கா நீங்க பண்ணதுதானா?" என்றார். நான் பண்ணவில்லை, பண்ணியதைச் சோதித்தேன் என்று விளக்க அரைமணி நேரம் ஆனது. முடிவில் அவர், "என்னவோ போங்க, நாங்க கத்திரிக்காவ நல்லா கழுவித்தான் சமைக்கிறோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அதன்பிறகு "லேப்ல இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து தெருவில் பாதிப் பேர் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொழுப்பு ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன். விஷக் கத்திரிக்காய்க்கு இது எவ்வளவோ மேல்.

பெங்களூரில் இருபத்து மூன்று வருஷம் நான் செய்த வேலையைச் சுருக்கிச் சொன்னால், கண்ணாடிக் குழாயில் வயிறு செய்வது. வயிற்றில் இருக்கும் அளவுக்கு அமிலம், வயிற்றில் சுரக்கும் அதே செரிமான நொதி, உடம்புச் சூடு. அதற்குள் புதுப் புரதத்தைப் போட்டு, அரை நிமிஷம் கழித்துக் கொஞ்சம், ஐந்து நிமிஷம் கழித்துக் கொஞ்சம், ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் என்று எடுத்து ஜெல் பாளத்தில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றுவோம். புரதம் இருக்கும் இடத்தில் நீலக் கோடு தெரியும். நேரம் போகப் போகக் கோடு மறைந்தால் புரதம் செரித்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்களில் நிறைய லேசில் செரிக்காதவை, அதனால்தான் இந்தப் பாடு. ஒவ்வொரு பாளத்திலும் ஓரமாக, செரிக்காத புரதம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு பேர்போன போக்கிரியையும் நிற்கவைப்போம். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் போக்கிரி நிலக்கடலையின் புரதம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் மல்லாட்டை.

அது முடிந்ததும் கம்ப்யூட்டரில் உறவு விசாரணை. சம்பந்தம் பேசும் முன் மாப்பிள்ளை வீட்டில் யாராவது குடிகாரன் உண்டா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம் அல்லவா, அதுபோல இந்தப் புரதத்துக்கு மல்லாட்டை, இறால், முட்டை வகையறாவோடு ஏதாவது ஒட்டு உறவு உண்டா என்று பார்ப்போம். பிறகு எலிகள். ஒரு மனுஷன் ஆயுசுக்கும் தின்னாத அளவை எலிக்கு ஒரே வேளையில் புகட்டிவிட்டு இரண்டு வாரம் உட்கார்ந்து கவனிப்போம். எலிகள் சௌக்கியமாகவே இருந்தன, சில எலிகள் எடைகூடப் போட்டன. இதை எல்லாம் தலையணை தண்டிக்கு ஒரு கோப்பாக எழுதினால் அது டெல்லியில் அனுமதி கொடுக்கும் கமிட்டிக்குப் போய் அலமாரியில் உட்காரும். இந்த நாட்டு வயலில் முறைப்படி விளைவதற்கு இடம் கிடைத்த மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். மற்றதெல்லாம் கோப்பாகத்தான் விளைந்தது, அதில் நல்ல மகசூல்.

வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் வீட்டில் உட்கார்ந்தபடியே சில கோப்புகளை எழுதிக் கொடுத்துவந்தேன். அப்படி ஒரு எண்ணெய் வித்துப் பயிரின் கோப்பை எழுதிக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில்தான் என் கொழுந்தனார் போன் செய்தார்.

கொழுந்தனார் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றி வருவார். அப்படி ஒரு பௌர்ணமியில், நடந்துவந்த யாரோ ஒருவர் மரச்செக்கு எண்ணெயின் மகிமையைச் செங்கம் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். பதினாலு கிலோமீட்டர் முடியும்போது இவர் வேலையை விடுவதென்று முடிவு கட்டிவிட்டார். மரச்செக்குக் கடை, ஆசிரமத்துப் பக்கம், மல்லாட்டை எண்ணெய். அதில் ஒரே ஒரு சிக்கல். ப்ளஸ் டூ படிக்கும் அவருடைய ஒரே மகளுக்கு மல்லாட்டை ஆகாது.

ஆகாது என்றால் சாதாரணமாக ஆகாது இல்லை. நாலு வயதில் கோயில் வாசலில் யாரோ கொடுத்த கடலை உருண்டையில் ஒரு கடி கடித்தாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பிய பக்கமெல்லாம் மல்லாட்டைக் காடாக இருக்கும் ஜில்லாவில், அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு கொட்டை நுழைந்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, முதலில் சமையல்கட்டுக்குப் போய் சட்னியில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மணமேடைப் பக்கமே வருவாள்.

ஆகவே அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணி, நான் மல்லாட்டை எண்ணெய்க் கடை போடலாம்னு இருக்கேன். பொண்ணுக்கு இதனால எதுனா ஆவுமா? எண்ணெய வீட்ல பொழங்கலாமா? நீங்க சொன்னா செய்றேன், இல்லன்னா வுட்டுடறேன்."

என் எதிரில் கம்ப்யூட்டரில் அரைகுறையாக நின்றது ஒரு வாக்கியம்: எண்ணெயில் புரதம் இல்லாததால் உண்பவருக்கு அந்தப் புரதம் போய்ச் சேர வழியில்லை. எத்தனையோ கோப்புகளில் எழுதிய வாக்கியம். ஒவ்வாமையைக் கிளப்புவது புரதம், எண்ணெய் என்பது வெறும் கொழுப்பு. என் வேலைக்கு நடுவில் போன் செய்துவிட்டாரே என்ற எரிச்சல் வேறு. "எண்ணெயில புரோட்டீனே கிடையாது தம்பி. பயப்படாம பொழங்குங்க. பாக்கெட் கடலை எண்ணெயிலதான இத்தனை நாளா வெளியில பஜ்ஜி போண்டா சாப்பிடுறா, என்ன ஆச்சு?" என்றேன்.

"அதுவும் சரிதான் அண்ணி. நீங்க சொன்னா சரி" என்றார். பேச்சு அதிகம் போனால் ஒரு நிமிஷம் நடந்திருக்கும். ஒரு கத்திரிக்காய்க்கு வருஷக்கணக்கில் சோதனை செய்தவள், கொழுந்தன் மகளுக்கு ஒரு நிமிஷம் செலவழித்தேன்.

கடை திறந்தது. வாகை மரத்துச் செக்கு, கண்ணாடிப் புட்டிகள், வாசலில் ஒரு பெரிய போர்டு: "ஜீன் இல்லாத சுத்தமான கடலை எண்ணெய்." திறப்பு விழாவுக்குப் போன நான் போர்டின் அடியில் நின்று, ஜீன் இல்லாத கடலை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, முளைக்கிற எதுவானாலும் ஜீன் இருக்கும் என்றேன். ஜீன் மாற்றாத என்று எழுதச் சொன்னேன். அதுவும் வேண்டாம், ஜீன் மாற்றிய மல்லாட்டை எந்த ஊர் மண்டியிலும் விற்பனைக்குக் கிடையாது என்றேன். "அப்ப நம்முளுது நிச்சயமா அது இல்லதானே அண்ணி? இருக்கட்டும் வுடுங்க" என்றார்.

கடைக்கு நல்ல கூட்டம். அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களும், அவர்களைப் பார்த்து ஆரோக்கியம் பழகிய நம்மவர்களும் வந்தார்கள். ஒருநாள் தலை முதல் கால் வரை வெள்ளைப் பருத்தி உடுத்திய ஒரு வெளிநாட்டு அம்மாள், மரபணு மாற்றிய பொருள் எதுவும் தன் உடம்பைத் தொடக்கூட விடுவதில்லை என்று என்னிடம் சொன்னார். அவர் உடுத்தியிருந்த பருத்தி எந்தச் செடியில் வெடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். கொழுந்தனார் கல்லாவிலிருந்து கண்ணைக் காட்டினார். அந்த அம்மாளிடம் அவர், "மை சிஸ்டர் இன் லா, பிக் சயின்டிஸ்ட். ஷீ ஓகே" என்றார். அம்மாள் என்னைக் கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவும் செய்தது, ஒளிப்பானேன்.

ஒன்று சொல்லவேண்டும். என்னைவிட அவர் ஜாக்கிரதையானவர். செக்கில் நின்ற சட்டையோடு வீட்டுக்குள் போகமாட்டார், வாசல் குழாயடியில் குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் மகளிடம் போவார். மகளைக் கடைப் பக்கம் விடுவதில்லை. தொட்டியில் நாள்கணக்காகத் தெளியவைத்த எண்ணெயில் கொஞ்சம் மட்டும் வீட்டில் தாளிக்க எடுத்துப் போவார். நாலைந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் என் வாக்கியத்தின் மேல் மதிப்புக் கூடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் என் வீட்டுக்காரரையும் டிபனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மல்லிகைப்பூ மாதிரி இட்லி. ஓர்ப்படி வருஷக்கணக்காக அரைக்கும் அதே மிளகாய்ப்பொடி. அன்றைக்கு விசேஷம் என்னவென்றால், கொழுந்தனார் காலையில் ஆட்டிய எண்ணெயைத் தெளியக்கூட விடாமல் ஒரு செம்பில் கொண்டுவந்திருந்தார். கலங்கலாக, கடலை வாசம் தூக்கலாக இருந்தது. "இப்பல்லாம் இப்டிதான் கேக்கறாங்க அண்ணி. வடிகட்டினா சத்து போயிடுதாம்" என்று சொல்லி எல்லார் தட்டிலும் பொடிக்கு நடுவே குழி செய்து தாராளமாக ஊற்றினார். மகள் தட்டிலும் ஊற்றினார்.

நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைப் பருத்தி அம்மாளைப் பற்றித்தான் ஆரம்பித்தேன், பிறகு பொதுவாக ஊரில் உள்ள அத்தனை பயந்தாங்கொள்ளிகளையும் எடுத்துக்கொண்டேன். தெரியாத பெயரைக் கேட்டாலே புரோட்டீன் விஷம் என்று அலறும் முட்டாள்கள், எண்ணெயில் புரோட்டீனே கிடையாது, பருத்திக்கொட்டை எண்ணெயைச் சாப்பிட்டால் ஜீன் ஏறிவிடும் என்று பயப்படுகிறவனை என்ன செய்வது, என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். என் வீட்டுக்காரர் இட்லியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இருபத்தெட்டு வருஷமாக நான் பேசும்போது அவர் செய்வது அதுதான். ஓர்ப்படி சட்னி பரிமாற வந்தவள், "அய்யோ, இவ மூஞ்சிய பாருங்க" என்று கத்தியபோதுதான் நான் நிறுத்தினேன்.

மகளின் உதடும் கண் இமையும் வீங்கியிருந்தன. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தட்டில் வைத்த மூன்று இட்லியும் தீர்ந்திருந்தன. வாசலில் வந்த ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்து நிமிஷ தூரம். ஓர்ப்படி மடியில் கிடந்த அந்தப் பெண்ணின் கை என் கையில் இருந்தது. பேசவேண்டும் என்று அவள் வாயைத் திறப்பதும் பேச்சு வராமல் மூடுவதுமாக இருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாக விசாரித்தார். என்ன சாப்பிட்டாள்? இட்லி, பொடி, தேங்காய்ச் சட்னி. கடலை ஏதாவது? வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. "எண்ணெய்?" என்று கேட்டார். கொழுந்தனார் முந்திக்கொண்டார். "மல்லாட்டை எண்ணெய்தான் சார். ஆனா எண்ணெயில புரோட்டீன் கிடையாது. எங்க அண்ணியே சயின்டிஸ்ட், இந்த அலர்ஜி விஷயந்தான் அவங்க வேலையே." டாக்டர் மரியாதையாக என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் வெராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தச் செம்பு ஞாபகத்துக்கு வந்தது. கலங்கல். எண்ணெய் ஏன் கலங்கலாக இருக்கும்? அதில் எண்ணெய் அல்லாத ஏதோ மிதந்தால்தான் கலங்கும். என் கோப்புகளில் நான் எழுதிய எண்ணெய் பேக்டரி எண்ணெய். காய்ச்சி, கழுவி, வெளுத்து, வாடை போக்கி, வடிகட்டி, கடைசியில் கொழுப்பைத் தவிர ஏறக்குறைய எதுவும் மிஞ்சாத எண்ணெய். பஜ்ஜி போண்டா பொரித்ததும் அதில்தான். செக்கிலிருந்து வழிவதில் கொட்டையின் தூளும் அதன் புரதமும் துளித் துளியாகக் கலந்துதான் வரும். இது முதல் வருஷம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆயிரம் பாளத்தில் ஓரமாக அந்தப் போக்கிரியை நானே என் கையால் ஊற்றி நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அவர் போனில் எண்ணெய் என்று சொன்னதும் என் மண்டைக்குள் வந்து நின்றது கோப்பில் இருந்த எண்ணெய்தான், செக்கில் வழிவது இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

உடனே எழுந்து உள்ளே போய் டாக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். எழுந்தேன். அதற்குள் உள்ளே குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அந்தப் பெண் ஒரு கப் ஸ்வீட் கார்ன் சாப்பிட்டிருந்தாள். "அதுதான். அமெரிக்கன் சோளம். ஜீன் மாத்தினது" என்றார் கொழுந்தனார். ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த சோளம், இட்லி சாப்பிடும் நேரம் பார்த்து எழுந்து வந்ததாம். அது ஜீன் மாற்றிய சோளமும் இல்லை, நம் பக்கத்துக் காடுகளில் விளையும் சாதாரண வீரிய ரகம். ஆனால் பெயரில் அமெரிக்கா இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இரண்டு நாளில் சேதி வாட்ஸப்பில் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் அது எனக்கே வந்தது: மரபணுச் சோளம் சாப்பிட்ட திருவண்ணாமலை மாணவி உயிருக்குப் போராட்டம், பத்துப் பேருக்குப் பகிருங்கள். கூடவே ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் படம். எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "இப்ப இன்னா சொல்றீங்க மேடம்?" என்றார்.

அந்த நாலு நாளும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே என்னைப் பற்றிக் கேவலமான ஒன்றை எழுதியாகவேண்டும். கம்பெனிக்காரி, விஷச் சோளத்துக்கு வக்காலத்து வாங்குகிறவள் என்று ஊர் என்னைத் திட்டியது எனக்குச் சௌகரியமாக இருந்தது. செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, நியாயம் தெரிந்தவளாக உள்ளுக்குள் நிமிர்ந்து உட்காரலாம். செய்த குற்றத்துக்கு அப்படி உட்கார முடியாது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் தினமும் இரண்டு தரம் போன் செய்து, என்ன சமைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். கஞ்சி, ரசம் என்றார்கள். சரி, இன்றைக்குத் தப்பித்தோம் என்று போனை வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஓர்ப்படி சொன்னாள்: "வெளிச் சாமான் எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சுக்கா. இனிமே எல்லாம் நம்ம கடை எண்ணெய்தான். ஒடம்புல ஏறின விஷம் எறங்கணும்னு, நாளைக்குக் காலையிலேருந்து வெறும் வயித்துல அந்தப் புது எண்ணெய வாயில ஊத்தி அவ கொப்பளிக்கணுமாம். அவரு எடுத்து வெச்சிட்டாரு."

செருப்பு மாறியிருந்தது எனக்கு ஆட்டோவில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

கொழுந்தனார் வீட்டில்தான் இருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, பொண்ணுக்கு வந்தது சோளத்தால் இல்லை, உங்கள் எண்ணெயால், நான் போனில் சொன்னது தப்பு, செக்கு எண்ணெயில் புரதம் இருக்கும், எனக்குத் தெரிந்தும் யோசிக்காமல் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் தலையாட்டினேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார், கையைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்றுகூட நினைத்திருந்தேன். அவர் பரிதாபமாகச் சிரித்தார்.

"அண்ணி, நீங்க அந்தக் கம்பெனிங்க உப்பத் தின்னவங்க, நான் தப்பு சொல்லல. ஆனா சோளத்தக் காப்பாத்தறதுக்கு என் எண்ணெய் மேல பழி போடாதீங்க."

"தம்பி, சோளம் நாசமாப் போகட்டும். அந்த எண்ணெய அவ வாயில வைக்காதீங்க."

"நீங்கதானே அண்ணி எண்ணெயில ஒன்னும் இல்லன்னீங்க?"

"தப்பு. நான் சொன்னது தப்பு."

"அப்ப இப்ப சொல்றது மட்டும் எப்டி சரி?"

இருபத்து மூன்று வருஷத்தில் டெல்லிக் கமிட்டியில் எத்தனையோ பெரிய மனிதர்கள் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதைப்போல ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. பொய்யைச் சொன்னபோது நான் சயின்டிஸ்ட், மெய்யைச் சொன்னபோது கம்பெனிக்காரி. நேராகச் சமையல்கட்டுக்குப் போய் இருந்த எண்ணெயை எல்லாம், செம்பு, புட்டி, அடுப்பு மேடையில் இருந்த சின்னக் கிண்ணம் வரைக்கும், பையில் போட்டேன். ஓர்ப்படி ஒரு வார்த்தை பேசாமல் அலமாரியைத் திறந்து, பின்னால் இருந்த இன்னொரு புட்டியையும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்க பாத்துட்டு வாங்கக்கா. அதுவரைக்கும் நெய்யிலயே சமைக்கிறேன்" என்றாள். அவர் வாசலில் நின்று, "எடுத்துட்டுப் போங்க, கடையில ஜாஸ்தியாவே இருக்குது" என்றார்.

மறுநாளே பெங்களூருக்கு பஸ் ஏறினேன். பழைய ஆய்வகத்தில் எனக்குப் பின் வந்தவள் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தாள். என்ன சோதனை என்று கேட்டதற்கு, வீட்டு விஷயம் என்றேன். மூன்று எண்ணெய் வைத்தேன்: செம்பில் இருந்த கலங்கல், புட்டியில் தெளிந்தது, கடையில் வாங்கின பாக்கெட் கடலை எண்ணெய். உப்புக் கரைசலில் குலுக்கிப் புரதத்தைப் பிரித்து ஜெல் பாளத்தில் ஓடவிட்டேன். பாக்கெட் எண்ணெய்க்கு உரிய இடம் வெறிச்சென்று இருந்தது. தெளிந்த எண்ணெய்க்கு இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு நிழல், தாளிப்பில் அதை அவள் உடம்பு இத்தனை நாள் பொறுத்துக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம். கலங்கலுக்கு நன்றாகவே கோடு விழுந்தது. கண்ணாடி வயிற்றில் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். அப்படியும் அந்தக் கோடு போகவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து கடையில் அவர் எதிரில் வைத்தேன். வாடிக்கைக்காரர்கள் போகும்வரை காத்திருந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். எது யாருடைய எண்ணெய் என்று கேட்டார். சொன்னேன்.

"இத்தினியூண்டு கோட்டுக்கா அண்ணி?"

"இத்தினியூண்டுதான். அவளுக்கு அது போதும்."

அவர் படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது புட்டிகளில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: கடலை ஆகாதவர்கள் சாப்பிடக்கூடாது. அதை ஒட்டச் சொல்லி நான் சண்டைபோடத்தான் போயிருந்தேன். சண்டைக்கு வேலை இல்லாமல் போனது. வீட்டுச் சமையல் பாக்கெட் எண்ணெய்க்கு மாறியது. ஆனால் வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கும் வந்துபோவதால் பாக்கெட்டை இரகசியமாக வாங்கி, தன் கடைப் புட்டியில் ஊற்றித்தான் அடுப்படியில் வைக்கிறார். தன் சரக்கிலேயே கலப்படம் செய்துகொண்ட வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. கடையில் சோளக் கதை மட்டும் இன்னமும் ஓடுகிறது. அதைக் கேட்டுவிட்டு வெள்ளைப் பருத்தி அம்மாள் கண்கலங்கினாராம்.

அதற்குப் பிறகு ஒரு மாலை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ப்ளஸ் டூ பாடத்தில் புரதம் வந்திருந்தது, அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். இன்னொரு பிரதி என்னிடம் இருந்தது. இது நிலக்கடலை, இது பாக்கெட் எண்ணெய், இது அன்றைக்கு நாம் சாப்பிட்டது என்று காட்டினேன். விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தாள்.

"எனக்கு மொத இட்லியிலயே தெரிஞ்சுது பெரியம்மா" என்றாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"நாக்கு அரிச்சுது. தொண்டையில முடி மாட்டின மாதிரி இருந்துச்சு."

"அப்பவே துப்பிட்டு எழுந்திருக்கலாம் இல்லடா? மூணு இட்லியும் ஏன் சாப்ட்ட?"

படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க பேசிட்டிருந்தீங்க. எண்ணெயில ஒன்னுமே கிடையாது, பயப்படறவங்க எல்லாம் முட்டாளுங்கன்னு சொல்லிட்டிருந்தீங்க. நான் எனக்குத்தான் பிரமைன்னு நெனச்சிட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. பாடத்தில் ஒரு சந்தேகத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். என் எதிரில் முட்டாளாகிவிடக்கூடாதே என்று, தன் தொண்டை சொன்னதை நம்பாமல், ஒரு பெண் இரண்டாவது இட்லியையும் மூன்றாவது இட்லியையும் விழுங்கியிருக்கிறாள். நான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.